எலியா, வெறுங்கூடா, அணிலா? சப்பை போக்கிமானை வச்சு ஆடிப் பார்த்த கதை

போக்கிமான் வீடியோ கேம்ல ஆறு பேர் டீம்ல அஞ்சு ஸ்லாட் நிரம்பியாச்சு, ஆறாவதுக்கு எல்லாரும் போடுற காளான் போக்கிமான் அமூங்கஸையே போட்டுட்டுப் போயிருந்தா நான் இவ்வளவு நேரம் மண்டையைப் பிச்சிருக்க வேண்டாம். ஆனா லேடர்ல (ஆன்லைன் ரேங்க் ஆட்டம்) எதிர்ல வர்றவன் டீமும் என் டீமும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், யாரும் மதிக்காத ஒண்ணை எடுத்து அதை வச்சு ஜெயிச்சே ஆகணும்னு கிளம்பிட்டேன். மூணு பேரைப் பார்த்தேன்: லெவல் 1 ரட்டாட்டா (எலி), ஷெடிஞ்சா (வெறுங்கூடு), பாச்சிரிசு (அணில்). கடைசில அணில்தான் நிலைச்சுது, அதனால நான் அணில் பக்கம் சாயறேன்னு இப்பவே சொல்லிடறேன்.

மூணும் ஒரே ஃபார்மட் கிடையாது. எலியும் ஷெடிஞ்சாவும் ஆறுக்கு ஆறு சிங்கிள்ஸ் (பக்கத்துக்கு ஒருத்தரா நின்னு ஆடறது) ஆட்களுக்குப் பழக்கமான சரக்கு, பாச்சிரிசு சுத்தமா டபுள்ஸ் (பக்கத்துக்கு ரெண்டு பேர்) ஆள். ஆனா நான் பார்த்த விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், அது எல்லா ஃபார்மட்டுக்கும் பொருந்தும்: இந்தச் சப்பையைக் காப்பாத்த மத்த அஞ்சு பேர்ல எத்தனை பேர் வேலை பார்க்கணும்? பராமரிப்புச் செலவுன்னு வச்சுக்கோங்க.

எலி கதை எல்லாருக்கும் தெரியும், சீக்கிரம் முடிச்சிடறேன். லெவல் 1 ரட்டாட்டா, மொத்தம் 11 ஹெச்பி (உயிர்ப் புள்ளி), கையில ஃபோகஸ் சாஷ்ங்கிற ஐட்டம். எதிராளி அடிப்பான், சாஷ் புண்ணியத்துல 1 ஹெச்பி மிஞ்சும், உடனே என்டெவர் போட்டா அவனோட ஹெச்பியும் 1க்கு வந்து நிக்கும், அடுத்த டர்ன் குயிக் அட்டாக் முந்திக்கிட்டுப் போய் முடிச்சிடும். லெஜண்டரியையே ஒரு எலி சாய்க்கிறதைப் பார்க்க ஜாலியாதான் இருக்கும். ஆனா ஃபோகஸ் சாஷ் வந்த அதே 2006 டைமண்ட் பேர்ல் கேம்லதான் ஸ்டெல்த் ராக்கும் வந்துச்சு, உள்ள இறங்கறவனைக் குத்துற கல்லுப் பொறி. எலி உள்ள வரும்போது காலடியில கல்லு இருந்தா ஒரே ஒரு ஹெச்பி போகும், ஃபுல் ஹெச்பி இல்லைன்னா சாஷ் வேலை செய்யாது, கதை முடிஞ்சுது. மணல் புயல் அடிச்சா செத்துது, ரெண்டு மூணு தடவை அடிக்கிற மூவ் வந்தா செத்துது, கோஸ்ட் டைப் வந்தா என்டெவரும் குயிக் அட்டாக்கும் ரெண்டுமே படாது, சும்மா நிக்க வேண்டியதுதான்.

இதையே கொஞ்சம் புத்திசாலித்தனமா பண்ணினது ஏரான். 2010 பிளாக் ஒயிட்ல ஸ்டர்டி அபிலிட்டியை மாத்தினப்புறம் சாஷ் இல்லாமலே ஒரு அடி தாங்கும், அதனால கையில ஷெல் பெல் கொடுக்கலாம், என்டெவர் போட்ட டேமேஜ்ல எட்டுல ஒரு பங்கு திரும்ப வரும், ஏரானோட மொத்த ஹெச்பியே 12தானே, ஒரே அடியில ஃபுல்லாகி ஸ்டர்டி மறுபடி ரெடி. ஸ்டீல் டைப்ங்கிறதால மணல் புயல் அதைத் தொடாது, எதிராளியோட கடைசி 1 ஹெச்பியை மணலே எடுத்துக்கும். சூப்பர். ஆனா அந்த மணலைக் கிளப்ப டைரனிட்டாரோ ஹிப்போடனோ டீம்ல இருக்கணும், 2013க்கு அப்புறம் அபிலிட்டியில வர்ற வெதர் 5 டர்ன்தான், கல்லைச் சுத்தம் பண்ண வேற ஒரு ஆள். அப்போ ஏரானுக்கு ரெண்டு வேலைக்காரங்க. அதுவும் போக, இப்போ ரேங்க்ட்ல எல்லாத்தையும் லெவல் 50 ஆக்கிடறாங்க, லெவல் 1 வித்தையே அங்க செல்லாது. பழைய ஜெனரேஷன் ரூல்ல சிமுலேட்டர்ல ஆடினாதான் உண்டு.

ஷெடிஞ்சா மேல எனக்கு ஒரு மரியாதை இருக்கு. நின்காடா லெவல் 20ல நின்ஜாஸ்க் ஆகும்போது பார்ட்டியில ஒரு இடம் காலியா இருந்து, பையில ஒரு பால் இருந்தா, உரிச்சுப் போட்ட கூடு தனியா ஒரு போக்கிமானா வந்து உட்காரும். ஹெச்பி எப்பவும் 1. ஒண்டர் கார்ட் இருக்கிறதால சூப்பர் எஃபெக்டிவ் அடி மட்டும்தான் படும்: ஃபயர், ஃப்ளையிங், ராக், கோஸ்ட், டார்க். இந்த அஞ்சுல ஒண்ணும் இல்லாதவன் மாட்டினான்னா அவன் முழிக்கிற முழி இருக்கே. சாய்ஸ் பேண்ட் (ஒரே மூவையே அடிக்க வைக்கிற ஐட்டம்) போட்டுக்கிட்டு எர்த்க்வேக்ல லாக் ஆனவன் முன்னாடி ஷெடிஞ்சாவை இறக்கி, நிதானமா அட்டாக்கை ஏத்துற ஸ்வார்ட்ஸ் டான்ஸ் போட்டிருக்கேன், அந்த சுகம் எலி கொடுக்காது.

ஆனா செலவைப் பாருங்க. கல்லு, முள்ளு, மணல், விஷம், தீக்காயம், லீச் சீட், எது பட்டாலும் அந்த 1 ஹெச்பி போயிடும். 2019 ஸ்வார்ட் ஷீல்ட்ல ஹெவி டியூட்டி பூட்ஸ் வந்தப்போ கல்லு முள்ளுப் பிரச்சினை தீர்ந்துச்சு, மணலுக்கு சேஃப்டி காகிள்ஸ் 2013லயே இருக்கு, ஆனா ஐட்டம் ஒண்ணுதானே பிடிக்க முடியும், செருப்பு போட்டா கண்ணாடி போட முடியாது, கண்ணாடி போட்டா செருப்பு கிடையாது. மிச்சத்தை டீம்தான் பார்த்துக்கணும். நான் இதை ஒரு இருபது மேட்ச் ஆடியிருப்பேன், அவ்வளவுதான், அதனால ஷெடிஞ்சாவைக் கரைச்சுக் குடிச்சவங்க என்னைவிட நல்லா ஓட்டலாம். என் இருபதுல பாதிக்கு மேல ஷெடிஞ்சா உள்ள வரவே வழி இல்லாம பெஞ்சுலயே உட்கார்ந்திருந்துச்சு. கூடவே இது ஸ்கார்லெட் வயலட் கேம்ல கிடையாது, எலியும் கிடையாது.

சரி, அணில்.

பாச்சிரிசு பேஸ் ஸ்டேட் (பிறவிலேயே இருக்கிற பலம்) மொத்தம் 405. அட்டாக் 45, ஸ்பெஷல் அட்டாக் 45. எடுத்தவுடனே யாரும் தூக்கிப் போடுற நம்பர். ஆனா 2014 வேர்ல்ட்ஸ் (உலக சாம்பியன்ஷிப்), வாஷிங்டன் டிசியில, கொரியாவோட பார்க் சே-ஜுன் இதை டீம்ல வச்சுக்கிட்டே மாஸ்டர்ஸ் சாம்பியன் ஆனாரு. அபிலிட்டி கரண்ட் அடியைக் குடிச்சு ஹெச்பி ஏத்திக்கிற வோல்ட் அப்சார்ப், கையில ஹெச்பி ஏத்துற சிட்ரஸ் பெர்ரி, மூவ் ஃபாலோ மீ, நஸில், சூப்பர் ஃபாங், ப்ரொடெக்ட். முதல்ல நானும் ‘ஏதோ லக்’னு நினைச்சவன்தான். அந்த செட்டை உட்கார்ந்து நிதானமா பார்த்தப்போதான் உறைச்சுது, இதுல ஒரு மூவ் கூட அணிலோட அட்டாக்கை நம்பி இல்ல. சூப்பர் ஃபாங் எதிராளியோட மிச்ச ஹெச்பியில பாதியை எடுக்கும், கடிக்கிறது அணிலா டிராகனாங்கிறது அதுக்குக் கவலையில்ல. அயர்ன் ஹேண்ட்ஸ்ங்கிற போக்கிமானோட ஹெச்பியை முழுசா ஏத்தினா 261, ஒரு கடியில 130 காலி. நஸில் பட்டா நூத்துக்கு நூறு பேரலைஸ். ஃபாலோ மீ பக்கத்துல நிக்கிறவனுக்கு வர்ற அடியைத் தன் பக்கம் இழுக்கும், அதுக்கு எந்த ஸ்டேட்டும் வேண்டாம். வீக்கான ஸ்டேட்டைத் தொடவே தொடாத மூவா பொறுக்கி எடுத்திருக்காரு மனுஷன்.

அட்டாக் ரெண்டையும் கழிச்சுட்டு அமூங்கஸ் பக்கத்துல வச்சுப் பாருங்க. டிஃபென்ஸ் ரெண்டுக்குமே 70தான். ஸ்பெஷல் டிஃபென்ஸ் அணிலுக்கு 90, காளானுக்கு 80. வித்தியாசம் ஹெச்பியில மட்டும்தான், 60க்கு 114. அது பெரிய வித்தியாசம்தான், இல்லேங்கல, தூங்க வைக்கிற ஸ்போர் வேற அதுகிட்ட இருக்கு. ஆனா அடியை இழுக்க அது போடுற ரேஜ் பவுடர் கிராஸ் டைப்பையும் சேஃப்டி காகிள்ஸ் போட்டவனையும் இழுக்காது, ஃபாலோ மீக்கு அந்தத் தொல்லை இல்ல. 2014ல ஊரெல்லாம் டாலன்ஃப்ளேம் பறந்துக்கிட்டு இருந்துச்சு, அது ப்ரேவ் பேர்ட்ல முந்திக்கிட்டு வந்து அடிச்சா காளானுக்கு டபுள் அடி, எலக்ட்ரிக் டைப் அணிலுக்குப் பாதி அடி. அன்னிக்கு அணில் சும்மா ஷோவுக்கு வந்ததில்ல.

இப்போ என் பராமரிப்புக் கணக்குக்கு வர்றேன். அணிலைக் காப்பாத்த எனக்கு யாரும் வேண்டாம், அதுதான் மத்தவனைக் காப்பாத்துது. என் டீம்ல கியாரடோஸ், வாட்டர் ஃப்ளையிங், எலக்ட்ரிக் அடி நாலு மடங்கு. முன்னெல்லாம் எதிர்ல தண்டர்போல்ட் வாசம் அடிச்சாலே கியாரடோஸை உள்ள இழுத்துக்குவேன். பாச்சிரிசு பக்கத்துல நின்னு ஃபாலோ மீ போட்டா கியாரடோஸைக் குறி வச்ச கரண்ட் மூவ் அதுகிட்ட போகும், போறதோட இல்லாம வோல்ட் அப்சார்ப்னால அணிலோட ஹெச்பியில கால்வாசி திரும்பக் கொடுக்கும். நான் 252 ஈவி (பயிற்சிப் புள்ளி) ஹெச்பியில போட்டிருக்கேன், லெவல் 50ல 167 வருது, அப்போ ஒவ்வொரு கரண்ட் அடிக்கும் 41 லாபம். டபுள்ஸ்ல ஆறு பேரைக் கொண்டு போனாலும் நாலு பேர்தான் இறங்கறாங்க, அந்த நாலுல ஒருத்தனுக்கு இன்னொருத்தன் காவலாளின்னா மேட்ச்சை ரெண்டு பேரை வச்சு ஆடற மாதிரி. ஷெடிஞ்சாகிட்ட நான் பட்ட பாடு அதுதான்.

ஒரு மேட்ச் சொல்றேன். எதிர்ல அயர்ன் ஹேண்ட்ஸ், ஃப்ளட்டர் மேன். நான் பந்தாவா முதல் டர்ன்லயே ஃபாலோ மீ அழுத்தினேன். இறங்கின முதல் டர்ன்ல மட்டும் செல்லுற, எதிராளியை மிரள வைக்கிற ஃபேக் அவுட் அதைவிட முந்தும்ங்கிறது தெரிஞ்சும் மறந்துட்டேன், அணில் மிரண்டு நின்னுடுச்சு, தண்டர்போல்ட் நேரா கியாரடோஸ் மேல, நாலு மடங்கு, முடிஞ்சுது. மறுபடி அதே ஜோடி வேற ஒருத்தர்கிட்ட மாட்டுச்சு. இந்தத் தடவை முதல் டர்ன் கியாரடோஸ் ப்ரொடெக்ட், அணில் ஃபேக் அவுட்டை வாங்கிக்கிச்சு, ஒரு 27 ஹெச்பி போச்சு. ரெண்டாவது டர்ன் ஃபேக் அவுட் செல்லாது, இப்போ ஃபாலோ மீ. தண்டர்போல்ட் வந்து போன ஹெச்பியை நிரப்புச்சு, பின்னாடியே வைல்ட் சார்ஜ் வந்து ஒண்ணும் ஆகாம போச்சு, இந்தப் பக்கம் கியாரடோஸ் டிராகன் டான்ஸ் ஆடி முடிச்சிடுச்சு. மூணாவது டர்ன் அவரும் சுதாரிச்சு டாஸ்லிங் க்ளீம் போட்டாரு, ரெண்டு பேர் மேலயும் படற மூவை ஃபாலோ மீ இழுக்காது, ஆனா லேட்.

குறையும் நிறைய இருக்கு. டாண்ட் (அடிக்கிற மூவ் மட்டும்தான் போட விடும்) பட்டா ஃபாலோ மீயும் ப்ரொடெக்டும் போச்சு. எர்த்க்வேக், ராக் ஸ்லைட் மாதிரி ரெண்டு பேரையும் அடிக்கிறதைத் தடுக்க முடியாது. கிரவுண்ட் டைப்புக்கு நஸில் படாது, கோஸ்டுக்கு சூப்பர் ஃபாங் படாது. எல்லாத்தையும் விட மோசம், கடைசில தனியா மிஞ்சினா அவ்வளவுதான். ஒரு மேட்ச்ல எதிர்ல அயர்ன் ஹேண்ட்ஸ் இருபது சொச்சம் ஹெச்பியில நிக்குது, எனக்கு அணில் மட்டும், நஸில் அடிச்சா 4 ஹெச்பி போகுது, அவன் ட்ரெயின் பஞ்ச் அடிச்சு அதைவிட அதிகமா ஏத்திக்கிறான். சிரிக்கறதா அழுறதான்னு தெரியல. அதுக்கப்புறம் நான் அணிலை முதல் நாலு டர்னுக்குள்ள செலவழிச்சிடறேன், மிச்சம் வைக்கறதில்ல.

ரெடி பண்றதும் கொஞ்சம் வேலை. வோல்ட் அப்சார்ப் ஹிட்டன் அபிலிட்டி, அதுக்கு அபிலிட்டி பேட்ச் வேணும். ஃபாலோ மீ எக் மூவ், ஸ்கார்லெட் வயலட்ல மிரர் ஹெர்பைக் கையில கொடுத்து, ஒரு மூவ் இடத்தைக் காலியா விட்டு, அந்த மூவ் தெரிஞ்ச ஒண்ணோட பிக்னிக் போட்டா ஏறிடும்.

வெறும் ஜெயிக்கிறதுதான் குறின்னா க்ளெஃபேரியைப் பாருங்கன்னுதான் சொல்வேன். மொத்தம் 323, அணிலைவிடக் கீழ, ஆனா எவியோலைட் கொடுத்தா டிஃபென்ஸ் ரெண்டும் ஒன்றரை மடங்கு, ஃப்ரெண்ட் கார்ட்ல பக்கத்துல இருக்கிறவனுக்கு வர்ற அடியில கால்வாசி குறையும், ஃபாலோ மீயும் உண்டு. கியாரடோஸ் இல்லாத டீமா இருந்தா நானே ஒருவேளை அதைத்தான் எடுத்திருப்பேன். கரண்டைக் குடிக்க அதுக்குத் தெரியாது, என் டீமுக்கு அதுதான் வேணும். இப்போதைக்கு சிட்ரஸ் பெர்ரியை எடுத்துட்டு கவர்ட் க்ளோக் கொடுத்துப் பார்க்கறேன், ஃபேக் அவுட்டுக்கு அணில் மிரளாது, அந்த ப்ரொடெக்ட் டர்ன் மிச்சமாகும். அஞ்சாறு மேட்ச்தான் ஆகியிருக்கு, பெர்ரி இல்லாம ரெண்டு தடவை ஒரு அடி முன்னாடியே போய்ச் சேர்ந்துடுச்சு.