சயின்டிஃபிக் கால்குலேட்டரும் அந்த ரெண்டு பட்டனும்

பொண்ணு ப்ளஸ் டூ போறா, உன்கிட்ட இருக்கிற அதே கால்குலேட்டர் விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமாடா என்று நண்பன் கேட்டான். என்னுடையதைப் போன வாரம்தான் வண்ணாரப்பேட்டைக் கடை ஒன்றில் கொடுத்து, சமக்குறி பட்டனுக்கு அடியிலிருந்த ரப்பரைச் சுத்தம் செய்து வாங்கி வந்தேன். உழைப்பில் குறை சொல்லவே மாட்டேன். தண்டையார்பேட்டையில் நான் எடுக்கும் டியூஷனில் பசங்க கைமாறி கைமாறி, எத்தனை தடவை கீழே விழுந்தாலும் ஓடுகிறது. என் கோபம் வேறு.

மடக்கைக்கு, அதாவது ஓர் எண் வர அடிமானத்தை எந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டும் என்று பார்க்க, லாக், எல்என் என்று ரெண்டு பட்டன். பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவில், ஒரே நிறத்தில். லாக் 10 அடிமானம், எல்என் ஈ அடிமானம் (ஈ என்பது ஏறத்தாழ 2.718 என்ற எண்). நம்ம ஸ்டேட் போர்டு கணக்குப் புத்தகத்திலோ, நுண்கணிதப் பாடத்துக்குள் போய்விட்டால் வெறும் லாக் என்றாலே ஈ அடிமானம்தான். அடுத்த பீரியட் கெமிஸ்ட்ரியில், அமிலத்தன்மையை அளக்கிற பிஹெச் கணக்கு. அங்கே அதே லாக் 10 அடிமானம். பிள்ளை புத்தகத்தில் லாக் 2 என்று பார்க்கிறது, லாக் 2 என்றே அழுத்துகிறது, 0.3010 வருகிறது. வர வேண்டியது 0.6931. அந்தப் பிள்ளையை எப்படித் திட்டுவது? லாக் எக்ஸை வகையிட்டால் 1/எக்ஸ் என்பது ஈ அடிமானத்துக்கு மட்டும்தான் சரி. 10 அடிமானம் என்றால் 0.4343/எக்ஸ். அந்த 0.4343-ஐத் தலைகீழாக்கிப் பார்த்தால், கெமிஸ்ட்ரியில் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்கிற 2.303 வந்து நிற்கும். ஒரு பட்டனுக்காவது வேறு நிறம் கொடுத்திருக்கலாம்.

இத்தனை எரிச்சலிலும் இதை நான் விடாமல் வைத்திருப்பது, ஒரு சார்பைக் கொடுத்தால் அதன் மதிப்புகளை வரிசையாகப் பட்டியல் போட்டுக் காட்டும் டேபிள் மோடுக்காக. லாஜிஸ்டிக் சார்பு நடத்தும்போதுதான் அதன் அருமை தெரியும். மக்கள்தொகை முடிவில்லாமல் பெருகாது, ஓர் உச்சவரம்பில் போய் நிற்கும் என்று பெல்ஜியத்துக்காரர் வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் எழுதிய சமன்பாடு அது. நான் போடும் கணக்கு காசிமேட்டுக் கணக்கு. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் விசைப்படகு கரைக்கு வந்த செய்தி, 1000 பேர் இருக்கிற ஏரியாவில் முதலில் 10 பேருக்குத் தெரியும். 99-ஐ ஈ-யின் மைனஸ் எக்ஸ் அடுக்கால் பெருக்கி, 1 கூட்டி, அதனால் 1000-ஐ வகுக்கிற மாதிரி சார்பைக் கொடுத்து, எக்ஸுக்கு 0 முதல் 8 வரை மணிக்கணக்கைப் போட்டால் வரிசையாக வருகிறது: 10, 27, 69, 169, 355, 600, 803, 917, 968. நாலாவது மணிக்கும் அஞ்சாவதுக்கும் நடுவே 245 பேர் தாண்டல். அதற்கு அப்புறம் வேகம் குறைந்துகொண்டே போகும், ஏனென்றால் செய்தி தெரியாத ஆள் குறைந்துகொண்டே வருகிறார்கள். போர்டில் எஸ் வளைவு வரைந்து காட்டியபோது கொட்டாவி விட்ட பையன், இந்த எண்களைப் பார்த்துவிட்டு, “அண்ணா, சரிபாதி எப்போ?” என்று அவனாகவே கேட்டான்.

அந்தக் கேள்விக்கு விடைதான் மடக்கை. பாதி, அதாவது 500 பேர் வருவது, ஈ-யின் எக்ஸ் அடுக்கு 99 ஆகும்போது. எல்என் 99 அழுத்தினால் 4.595, வேகம் உச்சத்தில் இருப்பதும் அந்தப் புள்ளியில்தான். பையன் லாக் அழுத்தினான், 1.9956 வந்தது. ஆனால் டேபிளில் ரெண்டாவது மணியில் வெறும் 69 பேர்தானே இருக்கிறார்கள்? அவனே பார்த்து, அவனே அழித்து, எல்என் அழுத்தினான். பட்டன் குழப்பியதை டேபிள் காட்டிக் கொடுத்தது. வேறு எந்த மாடலுக்கும் இதை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஆனாலும் நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். ப்ளஸ் டூ பரீட்சை ஹாலுக்குள் இது போகாது, அங்கே லாக் டேபிள்தான். கையில் இது இருந்தால் டேபிளைப் புரட்டும் பழக்கம் விட்டுப்போகும், அதோடு அந்த ரெண்டு பட்டன் தகராறும் சேரும். நேற்று ராத்திரிகூட பசங்க ரெண்டு பேர் லாக் 2-க்கு 0.3010 எழுதிக்கொண்டு வந்து நின்றார்கள். காலேஜ் சேரட்டும், நானே கடைக்குக் கூட்டிப்போய் இதே மாடலை வாங்கித் தருகிறேன்.