மொத்தமாகக் கரண்ட் போன கார்: டெஸ்ட் லேம்ப்பா, மல்டிமீட்டரா, ஜம்பர் கேபிளா?

ஹாரனும் ஹசார்டு லைட்டும் பெரும்பாலான கார்களில் சாவி போடாமலே வேலை செய்யும். பல வண்டிகளில் பிரேக் லைட்டும் அப்படித்தான். "வண்டியில் கரண்டே இல்லை" என்று முடிவு கட்டுமுன் இவற்றை அழுத்திப் பாருங்கள். ஒன்று ஒழுங்காக வேலை செய்தாலும், பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் பாக்ஸ் வரை வழி சரியாக இருக்கிறது. கோளாறு இக்னிஷன் சுவிட்சிலோ அதற்கு அப்பாலோதான். எல்லாமே செத்துக் கிடந்தால் தேடும் இடம் சுருங்கிவிடும்: பேட்டரி, அதன் இரண்டு டெர்மினல்கள், மெயின் ஃப்யூஸ் (வண்டிக்குப் போகும் மொத்தக் கரண்டும் கடக்கும் பெரிய ஃப்யூஸ்), எர்த் கேபிள் (பேட்டரியின் நெகட்டிவை பாடியோடு இணைப்பது).

இந்த நான்கில் எது என்று கண்டுபிடிக்க மூன்று கருவிகள் போட்டி போடுகின்றன. கையில் மல்டிமீட்டர் (வோல்ட்டும் மின்தடையும் அளக்கும் மீட்டர்) இருப்பவர் அதை முதலில் எடுப்பார். இல்லாதவர் பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போடுவார். இந்தக் குறிப்பிட்ட கோளாறுக்கு இரண்டையும்விட, மிகவும் மலிவான டெஸ்ட் லேம்ப்தான் (ஒரு பக்கம் கிளிப், மறுபக்கம் கூர்முனை, நடுவே சின்ன பல்பு) முதலில் வர வேண்டும். காரணம் மல்டிமீட்டரின் குணத்தில் இருக்கிறது.

நல்ல டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை சுமார் 10 மெகாஓம். 12 வோல்ட்டை அளக்க அது இழுக்கும் கரண்ட் ஒரு மைக்ரோஆம்ப்பைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். டெர்மினலில் உப்பு பூத்துப்போய், ஒரே ஒரு இழை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் அந்தத் துளிக் கரண்ட் தாராளமாகப் போய்விடும். மீட்டர் 12.6 என்று காட்டும், ஹாரன் முனகக்கூடச் செய்யாது. கயிறு இருக்கிறதா என்று பார்ப்பது வேறு, பாரம் தாங்குமா என்று பார்ப்பது வேறு. பேட்டரிக்குள்ளேயே செல்களை இணைக்கும் பட்டை முறிந்திருந்தாலும் இதே ஏமாற்றம்தான்: சும்மா இருக்கும்போது முழு வோல்ட், பாரம் ஏற்றியதும் பூஜ்யம்.

அதற்காக மீட்டரை ஒதுக்கிவிட முடியாது. பேட்டரியின் நிலையை அதுபோலச் சொல்ல வேறு கருவி இல்லை. சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் கேபிள் கிளாம்ப்பில் அல்லாமல், பேட்டரியின் ஈய முனைகளிலேயே வைத்துப் பாருங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ், 12.2 ஏறக்குறையப் பாதி, 11.9 என்றால் காலி. 10.5 அருகே நின்று, சார்ஜ் போட்டும் ஏறாவிட்டால், பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்களில் ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: 11 வோல்ட் இருந்தாலும் ரூம் லைட் மங்கலாகவாவது எரியும், செல்ஃப் பக்கம் "டக் டக்" சத்தமாவது வரும். முழு இருட்டு என்றால் பேட்டரி சில வோல்ட்டுக்குக் கீழே போயிருக்க வேண்டும், இல்லையென்றால் வழி எங்கோ அறுந்திருக்க வேண்டும். ஒரு நொடி முன்புவரை எல்லாம் எரிந்த வண்டி சட்டென்று இருண்டால், இணைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டெஸ்ட் லேம்ப்புக்கு வருவோம். உள்ளே 3 முதல் 5 வாட் இழை பல்பு இருக்கும். கால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மீட்டர் தராத பாரத்தை இது தரும். அதன் கிளிப்பை பேட்டரியின் நெகட்டிவ் ஈய முனையில் மாட்டுங்கள். கூர்முனையால் முதலில் பாசிட்டிவ் ஈய முனையைத் தொடுங்கள். பளிச்சென்று எரிய வேண்டும். அடுத்து அதே முனையைக் கவ்வியிருக்கும் டெர்மினல் கிளாம்ப், பிறகு மெயின் ஃப்யூஸின் உள்வரும் பக்கம், வெளியேறும் பக்கம், கடைசியாக ஃப்யூஸ் பாக்ஸின் போல்ட். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே வெளிச்சம் மங்குகிறதோ அணைகிறதோ, அங்கேதான் கோளாறு. பிறகு கிளிப்பை பாசிட்டிவ் ஈய முனைக்கு மாற்றி, நெகட்டிவ் முனை, அதன் கிளாம்ப், பெயின்ட் இல்லாத பாடி போல்ட், இன்ஜின் பிளாக் என்று எர்த் வழியைத் தொடுங்கள். இப்போது கூர்முனையில் பாசிட்டிவ் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். எர்த் பக்கத்தைப் பலர் தொட்டே பார்ப்பதில்லை. பாடிக்குப் போகும் எர்த் அறுந்தால் வண்டி முழுக்க இருண்டுவிடும். புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் இருட்டு போகாது.

டெஸ்ட் லேம்ப்புக்கும் எல்லை உண்டு. தடித்த கேபிளில் நாலைந்து இழைகள் மிஞ்சியிருந்தால் கால் ஆம்பியருக்கு அவை போதும், விளக்கு எரிந்துவிடும். அப்போது பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பில் இரண்டு ஒயர் கோத்து அதையே சோதனை விளக்காக்குங்கள், சுமார் 4.5 ஆம்பியர் இழுக்கும், தேய்ந்த கேபிள் மாட்டிக்கொள்ளும். பல்பு கொதிக்கும், கண்ணாடியைத் தொடக்கூடாது. எல்இடி வைத்த டெஸ்டர் இந்த வேலைக்கு உதவாது. அது இழுப்பது சில மில்லிஆம்பியர்தான், மீட்டரைப் போலவே ஏமாற்றும். இழை பல்பை ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரிலோ ஈசியூ (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) ஒயர்களிலோ குத்தவே கூடாது. அங்கே மீட்டர்தான்.

மீட்டரையும் பாரத்தோடு வைத்துச் சோதிக்கலாம். ஹெட்லைட் சுவிட்சை ஆனில் விட்டுவிட்டு, ஒரு முனையை ஈய முனையிலும் மறு முனையை அதே பக்கத்துக் கிளாம்ப்பிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்ல இணைப்பு. அங்கே 12 வோல்ட் காட்டினால் அறுந்த இடம் அதுதான். அறுந்த இடத்தின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே மொத்த வோல்ட்டும் வந்து நின்றுவிடும். சுவிட்ச் ஆஃபில் இருந்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

ஜம்பர் கேபிள் வண்டியைக் கிளப்பும், காரணத்தைச் சொல்லாது என்பார்கள். பாதி உண்மை. பிடிப்பானை ஈய முனையில் கவ்வவிட்டால் பலனில்லை, கேபிளின் கிளாம்ப்பில் கவ்வவிட்டால் எல்லாம் எரிகிறது என்றால் டெர்மினல் தொடர்பே கோளாறு. இன்னொரு வண்டியே தேவைப்படாத உபயோகமும் உண்டு: கருப்புக் கேபிளை மட்டும் எடுத்து நெகட்டிவ் ஈய முனையிலிருந்து பாடி போல்ட்டுக்குப் போடுங்கள். விளக்கு வந்தால் எர்த் கேபிள் போயிருக்கிறது.

ஆபத்து அதிகமுள்ளதும் ஜம்பர் கேபிள்தான். பிளஸ், மைனஸ் மாறினால் ஆல்டர்னேட்டரின் (ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) டயோடுகள், அதாவது கரண்டை ஒரே திசையில் விடும் பாகங்கள், வழியே பெரும் கரண்ட் பாய்ந்து மெயின் ஃப்யூஸ் எரியும். ஒரு கோளாறு இரண்டாகும். சிவப்பை முதலில் செத்த பேட்டரிக்கு, மறுமுனையை நல்ல பேட்டரிக்கு. கருப்பை நல்ல பேட்டரியின் மைனஸுக்கு, கடைசி முனையைச் செத்த வண்டியின் இன்ஜின் உலோகத்துக்கு, பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கலாம். உப்பிய பேட்டரிக்கும் உறைந்த பேட்டரிக்கும் ஜம்ப் வேண்டாம். சிறிய லித்தியம் ஜம்ப் பேக்குகள் பல, பேட்டரி ஓரிரு வோல்ட்டில் கிடந்தால் வேலை செய்ய மறுக்கும். கட்டாயமாக ஓட்டும் பட்டனை அழுத்தினால் பலவற்றில் முனை மாறுவதைத் தடுக்கும் காப்பும் அணைந்துவிடும். அழுத்துமுன் பிளஸை இரண்டு முறை பாருங்கள்.

மெயின் ஃப்யூஸ்தான் எரிந்திருக்கிறது என்றால், ஒயரைச் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். அது தானாக எரிவது அபூர்வம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த கேபிளுக்கும் பாடிக்கும் நடுவே மீட்டரை ஓமில் வைத்து, முனைகளை மாற்றியும் பாருங்கள். இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் டயோடு ஷார்ட்டாகவோ கேபிள் எங்கோ பாடியில் உரசியோ இருக்கும். அதைச் சரிசெய்யாமல் அதே ஆம்பியரில் புது ஃப்யூஸ் போட்டாலும் அதுவும் எரியும்.

டெர்மினல்தான் கோளாறு என்றால் வேலை சுலபம்: பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர், வெந்நீரில் கரைத்த சமையல் சோடா, கம்பி பிரஷ். மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது கழற்றி "ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா" என்று பார்க்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ் ஈசியூவைச் சாகடிக்கலாம். அதற்கு மீட்டர் போதும்: ஓடும் இன்ஜினில் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 12.4 என்று காட்டி மெல்ல இறங்கிக்கொண்டே போனால், பேட்டரியை விட்டுவிட்டு ஆல்டர்னேட்டரைக் கவனியுங்கள்.