பில்லில் பி.யு., பலகையில் அரக்கு: மேசைக்கு பாலிஷ் போடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பில்லில் எழுதியிருப்பது இது: ஆயில் பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷ் ஒரு லிட்டர் டப்பா மூன்று, ஹார்ட்னர் (பூச்சை இறுகவைக்கக் கலப்பது) ஒன்று, டர்பன்டைன் இரண்டு லிட்டர், ஏழு பூச்சுக்குக் கூலி. மொத்தம் 14,800 ரூபாய். மேசையின் மேல் உண்மையில் இருந்தது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. அதுவும் இரண்டு பூச்சு, மிஞ்சினால் மூன்று.

திருச்சியில் வீட்டுக்கே வந்து பாலிஷ் போட்டுத் தருவதாக விளம்பரம் செய்யும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் எனக்கு நேர்ந்தது இது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை. இதே வித்தையை வேறு பெயரில் செய்பவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். வித்தை எப்படி நடக்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

மேசை அப்பா வாங்கியது. தேக்கு, ஆறு அடி நீளம், மூன்றரை அடி அகலம். பழைய பாலிஷ் தேய்ந்து, சாம்பார்க் கறையும் கீறலுமாக இருந்தது. வீட்டில் ஆஸ்துமா உள்ள பெரியவர் இருப்பதால் ஸ்பிரே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கண்ணாடி ஒட்டியதுபோல் பளபளக்கும் தடித்த பூச்சும் எனக்குப் பிடிக்காது. அதனால் துணியால் துடைத்துப் பூசும் முறையைக் கேட்டேன். ஒரே டப்பாவில் வரும் ஆயில் பி.யு. வார்னிஷை எடுத்து, சம அளவு டர்பன்டைன் கலந்து, பஞ்சு உதிராத துணியில் தொட்டு, மரத்தின் ரேகை ஓடும் திசையில் மெல்லியதாகத் துடைத்துவிடுவது. பிரஷ் கோடு விழாது. பூச்சு மெல்லியது என்பதால் சீக்கிரம் தொடுபதத்துக்கு வரும். தூசி வந்து ஒட்டும் நேரம் குறைவு. பின்னாளில் ஓரிடத்தில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசலாம்.

இதற்கு விலையாக நாம் கொடுக்க வேண்டியது பொறுமை. ஒரு பூச்சு வெங்காயச் சருகின் கனம்கூட இருக்காது. இப்படி மூன்று முறை துடைத்தால்தான் பிரஷ்ஷால் ஒரு முறை அடித்ததற்குச் சமம். சாப்பாட்டு மேசை என்றால் ஆறு, ஏழு பூச்சாவது வேண்டும். ஒவ்வொன்றும் ஓர் இரவு காய வேண்டும். ஐப்பசி மழையில் அதுவும் போதாது.

இவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்தும் வாங்கினேன். அவர் தாளைப் பார்த்ததைவிட என் மைத்துனரைப் பார்த்ததுதான் அதிகம். "சாரிடம் பேசிக்கொள்கிறேன் அம்மா" என்றார். மேசை என்னுடையது, பணம் என்னுடையது, கையெழுத்து கேட்டதும் நான். சார் அன்று காபி குடிக்க வந்தவர்.

இந்த முறையில் ஏமாற்றுவது ஏன் சுலபம் என்பதைப் பாருங்கள். சம அளவு டர்பன்டைன் கலந்த வார்னிஷ் தண்ணீர் மாதிரி இளகி, வெளிர் தேன் நிறத்தில் இருக்கும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கும் ஏறக்குறைய அதே நிறம், அதே இளக்கம். இரண்டையும் துணியால்தான் பூசுவார்கள். பக்கத்தில் நின்று பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. வேலை முடிந்த அன்று இரண்டும் ஒரே மாதிரி மின்னும். விலையில் மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். அரக்கில் இன்னொரு லாபமும் உண்டு. ஸ்பிரிட் உடனே ஆவியாகிவிடும் என்பதால் ஒரே பகலில் எத்தனை பூச்சு வேண்டுமானாலும் போட்டுவிட்டு, ஆட்களை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

அதுதான் நடந்தது. இரண்டு பையன்கள் வந்தார்கள். பழைய பாலிஷை மேலோட்டமாகத் தேய்த்தார்கள். மறுநாள் மாலைக்குள் ஏழு பூச்சும் முடிந்தது என்றார்கள். "ஒரு பூச்சுக்கு ஓர் இரவு என்று எழுதியிருக்கிறதே?" என்று கேட்டேன். "இது இத்தாலியன் பி.யு. அம்மா, ஃபாஸ்ட் டிரையிங்" என்று பதில் வந்தது. இத்தாலியன் பி.யு. என்று இங்கே விற்பது ஹார்ட்னர் கலந்து ஸ்பிரே அடிக்கும் இரட்டை டப்பா ரகம். அதை டர்பன்டைனில் இளக்கவே கூடாது. அதற்கென்று தனித் தின்னர் இருக்கிறது. நான் கேட்ட ஆயில் பி.யு.வோ காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு தானாக இறுகுவது. அதற்கு ஹார்ட்னரே கிடையாது. ஆக, பில்லில் ஹார்ட்னர் என்று எழுதியிருப்பது ஒன்றே அவர் சொன்னது பொய் என்பதற்குச் சாட்சி. ஆணையத்தில் நான் முதலில் காட்டப்போவதும் அதைத்தான்.

டப்பாக் கணக்கும் இப்படித்தான். மேசையின் மேல்பரப்பு 21 சதுர அடி, அதாவது கிட்டத்தட்ட 2 சதுர மீட்டர். இந்த வகை வார்னிஷ் ஒரு லிட்டர் இருந்தால் பிரஷ்ஷால் ஒரு பூச்சாக சுமார் 10 சதுர மீட்டர் அடிக்கலாம். துணியால் ஏழு பூச்சு என்பது பிரஷ்ஷில் இரண்டேகால் பூச்சுதான். கூட்டிப் பார்த்தால் மேல்பரப்புக்கு அரை லிட்டரே போதும். மேசையின் கால்களையும் மரச்சட்டத்தையும் சேர்த்தாலும் ஒரு டப்பாவைத் தாண்டாது. மூன்று டப்பாவுக்குப் பணம் வாங்கியவர், காலி டப்பா ஒன்றைக்கூட விட்டுச் செல்லவில்லை. விட்டுப் போனது அழுக்குத் துணிகளை மட்டும். பந்தாகச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் திணித்திருந்தார்கள்.

அந்தத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் சார்ந்த வார்னிஷோ ஆளிவிதை எண்ணெயோ தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால், அது இறுகும்போது உண்டாகும் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். பில்லில் சொன்ன பொருளை அவர்கள் உண்மையாகவே பயன்படுத்தியிருந்தால் மாடிப்படி எரிந்திருக்கலாம். ஏமாற்றியதால் வீடு தப்பியது.

வெளிச்சத்துக்கு வந்தது ஸ்பிரிட் கலந்த சானிடைசர் ஒரு சொட்டால். மகள் கையில் தேய்த்தபோது மேசை ஓரத்தில் ஒரு துளி விழுந்தது. துடைக்கப் போனால் துணி இழுத்துப் பிடித்தது. விரலை வைத்துப் பார்த்தேன். பாகு மாதிரி ஒட்டியது, எடுத்ததும் கைரேகை அப்படியே பதிந்திருந்தது. அதற்கு முன்பே டபரா வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுந்திருந்தது. ஒப்பந்தக்காரரிடம் போனில் கேட்டபோது "புது பாலிஷ், செட் ஆகும் அம்மா" என்று சொல்லியிருந்தார். சூடும் ஈரமும் சேர்ந்தால் அரக்குப் படலத்துக்குள் ஈரம் புகுந்து வெளுக்கும். நன்றாக இறுகிய பி.யு. ஒரு காபி டம்ளருக்கு இப்படி மசியாது.

உடனே மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, மேசைக்கு அடிப்பக்கம், சட்டத்தின் உள்மூலையில் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது. பிடித்த இடத்தில் பளபளப்புப் போய் வெறும் மரம் தெரிந்தது. இறுகிய பி.யு. ஸ்பிரிட்டில் கரையாது, அரக்கு கரையும். இந்தச் சோதனைக்குச் செலவு ஐந்து ரூபாய்கூட ஆகாது. வேலை முடித்தவரை வாசலில் நிறுத்திவைத்துச் செய்து பாருங்கள், மீதிப் பணத்தை எடுப்பதற்கு முன்பு. மூக்கும் உதவும். டர்பன்டைன் பெயின்ட் கடை வாசனை. அரக்கு பாலிஷ் ஊசி போடுமுன் தேய்க்கும் பஞ்சின் வாசனை. டர்பன்டைன் எழுதிய பில்லோடு வந்தவர்கள் வேலை செய்யும்போது வீடு ஆஸ்பத்திரி மாதிரி மணந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

அரக்கு மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. ஊஞ்சல் பலகைக்கும் அலமாரிக்கும் சாமி படச் சட்டத்துக்கும் அதைப்போல் அழகு வேறு இல்லை. சூடான பாத்திரமும் ஈரத்துணியும் தினமும் படும் சாப்பாட்டு மேசைக்குத்தான் அது ஆகாது. அதைவிட, நான் பணம் கொடுத்தது அதற்கு அல்ல.

படங்களை அனுப்பியதும் ஒப்பந்தக்காரர் நேரில் வந்தார். முதலில் மழைக்காலம் காரணம். பிறகு தேக்கு எண்ணெய் விடுகிறது. பிறகு நான் ஈரத்துணியால் துடைத்தது. கடைசியில் பரிகாரமும் சொன்னார்: "மேலே ஒரு கோட்டிங் பி.யு. ஏற்றிவிடுகிறேன் அம்மா, நாலாயிரம் கொடுங்கள் போதும்." இதைத்தான் முக்கியமாக எச்சரிக்க விரும்புகிறேன். கடையில் கிடைக்கும் சாதாரண அரக்கில் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. அதன்மேல் பி.யு. சரியாகப் பிடிக்காது, சில மாதத்தில் செதில் செதிலாக உரியும். அப்போது இரண்டையும் சுரண்ட வேண்டியிருக்கும். ஒரு மோசடிக்கு மேல் இன்னொரு பூச்சு ஏற்ற யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

மேசையை மீட்டுக் கொடுத்தவர் அப்பா காலத்திலிருந்து எங்களுக்குத் தெரிந்த தச்சர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பலகையில் நகத்தால் ஒரு கீறு கீறினார். "பாப்பா, இது சந்தேகமே இல்லாமல் அரக்கு" என்றார். ஸ்பிரிட்டால் ஊறவைத்து, தகட்டால் சுரண்டி, 120, 180, 220 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்தார். ஒப்பந்தக்காரர் சொன்ன தேக்கு எண்ணெய் முழுப் பொய்யும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தேக்கில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப்பசை வார்னிஷை இறுகவிடாமல் தடுக்கும். அதற்காக முதல் பூச்சுக்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் பலகை முழுவதும் துடைத்தார். வெள்ளைத் துணி மஞ்சள் கலந்த பழுப்பாக மாறியது. தொழில் தெரிந்தவர் இதைச் செய்துவிட்டுத்தான் தொடங்குவார். தெரியாதவர் பிறகு காரணமாகச் சொல்வார்.

டப்பாவை என் கண்ணெதிரே உடைத்தார். குலுக்கவில்லை, குச்சியால் மெல்லக் கலக்கினார். குலுக்கினால் குமிழி சேர்ந்து பூச்சில் பதிந்துவிடும் என்றார். எவர்சில்வர் டம்ளரால் ஒன்றுக்கு ஒன்று அளந்து டர்பன்டைனோடு கலந்தார். பழைய பனியன் துணியை நான்காக மடித்து, ஓரம் உள்ளே போகும்படி பிடித்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே இழுப்பு. விட்டுப்போன இடம் கண்ணில் பட்டாலும் திரும்பத் தொடவில்லை. "அடுத்த பூச்சில் சேர்ந்துவிடும், இப்போது தொட்டால் கோடு விழும்" என்றார். மறுநாள் வந்து 320 எண் தாளால் ஓரத்தில் லேசாகத் தேய்த்துப் பார்த்தார். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. தாளில் பிசுபிசுவென்று உருண்டால் காயவில்லை. ஒரு நாள் உருண்டது. பூசாமல், அன்றைய கூலியும் வாங்காமல் திரும்பிப் போனார்.

முடிந்த பிறகும் மூன்று நான்கு வாரம் மேசை விரிப்பு போடக்கூடாது, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை எந்நாளும் நேரடியாக வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். இந்த மெல்லிய பூச்சு எதையும் தாங்கும் என்று யாராவது சொன்னால் அவரையும் நம்பாதீர்கள்.

பணத்துக்கு வருகிறேன். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொன்னேன். அதன்பின் ஒப்பந்தக்காரர் 3,000 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டுப் போன் எடுப்பதை நிறுத்தினார். பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்யலாம். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். கையெழுத்துப் போட்ட தாள், பில், வெள்ளை வளையத்தின் படம், ஸ்பிரிட் பஞ்சின் வீடியோ, தச்சர் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாம் இணைத்திருக்கிறேன்.

நோட்டீஸ் திரும்பி வந்துவிட்டது. பில்லில் அச்சிட்டிருந்த முகவரியில் இப்போது ஒரு செல்போன் கடை இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தேன், அவர்களுக்கு அந்த ஆளைத் தெரியவே தெரியாது. அட்வான்ஸை நல்லவேளையாக யு.பி.ஐ. வழியாக அனுப்பியிருந்தேன். அந்த வங்கிக் கணக்கில் இருப்பது பில்லில் இல்லாத வேறொரு பெயர். இப்போது அந்தப் பெயருக்கு உரிய முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.