பில்லிங் சிஸ்டம் வாங்கப் போகிறீர்களா? கொட்டேஷனில் மாடல் நம்பர் இருக்கிறதா பாருங்கள்

கடைக்கு பில்லிங் சிஸ்டம் வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எனக்கு விற்றவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

அவர் கொடுத்த கொட்டேஷன் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஐ5 சிபியு, 8 ஜிபி ரேம், டச் மானிட்டர், தெர்மல் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், கேஷ் டிராயர். எல்லாம் ஒழுங்காக வந்தும் சேர்ந்தன. எழுதிக் கொடுத்ததில் ஒன்றுகூடப் பொய்யில்லை, அதுதான் சாமர்த்தியம். "புது பாக்ஸ் பீஸ் சார்" என்றது வாயால் மட்டும்.

கம்ப்யூட்டர் கேபினெட் என்னவோ புதுசுதான், ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறைகூட உரிக்கவில்லை. விண்டோஸ் 11 ஏற மறுத்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது இன்டெல் ஐ5-4570 சிப். டெஸ்க்டாப் சிப்களில் ஐ5-க்குப் பிறகு நான்கு இலக்கம் இருந்தால் முதல் இலக்கம்தான் தலைமுறை. ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு. ஆக இது 2013-இல் வந்த நான்காம் தலைமுறை. இன்டெல் சிப்களில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு அனுமதி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவையோ மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. சந்தேகம் வந்து கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். டிஸ்க் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அது காட்டிவிடும். நேற்று வந்த டிஸ்க் பல ஆயிரம் மணி நேரம் ஓடியிருந்தது!

அடுத்தது ஸ்கேனர். வந்தது லேசர் ரகம். பாக்கெட்டில் அச்சடித்த கோடுகளைப் பட்டென்று படிக்கும், ஆனால் கியூஆர் கோடு அதற்கு ஆகாது. வாடிக்கையாளர் போனில் கூப்பனைக் காட்டினால் சிவப்புக் கோடு திரையில் அலைகிறதே தவிர பீப் சத்தம் வருவதில்லை. அதற்கெல்லாம் கேமரா மாதிரி படம் பிடித்துப் படிக்கும் 2டி இமேஜர் ஸ்கேனர் வேண்டும். கேட்டதற்கு, "நீங்க பார்கோடு ஸ்கேனர்னுதானே சார் கேட்டீங்க?" என்றார்.

பிரிண்டர்தான் உச்சம். தெர்மல் பிரிண்டரில் பொதுவாக இரண்டு அகலம்: 58 மி.மீ., 80 மி.மீ. எனக்கு வந்தது சின்னது. அதில் சாதாரண எழுத்தளவில் வரிக்கு 32 எழுத்துதான் பிடிக்கும். பொருளின் பெயர் இரண்டு வரியாக மடங்கி, தொகை எந்தப் பொருளுக்கு என்றே தெரியாமல் பில் வருகிறது. ஆட்டோ கட்டர் கிடையாது, கையால்தான் கிழிக்க வேண்டும். சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கேஷ் டிராயரின் ஒயர், டெலிபோன் ஒயர் மாதிரி இருக்குமே, அது கம்ப்யூட்டரில் சொருகுவதில்லை, பிரிண்டரின் பின்னால் சொருகுவது. பில் அடித்ததும் பிரிண்டர் அனுப்பும் மின்துடிப்பில்தான் டிராயர் தானாகத் திறக்கும். இவர் கொடுத்த பிரிண்டரில் அந்த போர்ட்டே இல்லை. கூட்ட நேரத்தில் ஒவ்வொரு பில்லுக்கும் சாவி போட்டு டிராயரைத் திறந்துகொண்டிருந்தோம்.

டச் மானிட்டரில் குறை சொல்ல எதுவுமில்லை.

நீங்கள் வாங்கும்போது ஒவ்வொரு பொருளுக்கும் கம்பெனி பெயர், மாடல் நம்பர், புதுசா ரீஃபர்பிஷ்டா (பழசைச் சரிசெய்து விற்பதா) என்பதை எழுத்தில் கேளுங்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். பாக்கிப் பணம் கொடுக்கும் முன் உங்கள் கவுன்டரிலேயே ஒரு நீளமான பில் அடித்துப் பாருங்கள்: டிராயர் தானாகத் திறக்க வேண்டும், காகிதம் தானாக வெட்டுப்பட வேண்டும், போன் திரையில் காட்டும் கியூஆர் கோடையும் ஸ்கேனர் படிக்க வேண்டும்.

பெரிய தகராறுக்குப் பிறகு வித்தியாசத் தொகையை வாங்கிக்கொண்டு பிரிண்டரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். டிஸ்க் ஓடிய மணிக்கணக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியதற்கு, "சாஃப்ட்வேர் தப்பா காட்டுது சார்" என்று பதில் வந்தது. அப்புறம் போனை எடுப்பதே இல்லை.