ஜிஎம்எஸ் ரெடிமேட் கிட்: எய்ட்ஸ் நோயாளியின் நுரையீரல் பயாப்சிக்கு வாங்கலாமா?

ஜிஎம்எஸ் (குரோகாட் மெத்தனமைன் ஸில்வர்) என்பது பூஞ்சையின் சுவரை வெள்ளியால் கறுப்பாக்கிக் காட்டும் சாயமுறை; அதற்கான சொல்யூஷன்கள் தயாராக வரும் பெட்டிதான் இந்தக் கிட். மாதத்துக்கு நாலைந்து கேஸ் மட்டும் வரும் லேப் என்றால் வாங்கலாம். தினமும் ஸில்வர் ஸ்டெயின் போடும் இடத்தில் தண்டச் செலவு. கையால் கலக்கும் சொல்யூஷனே போதும்.

சிடி4 (எச்ஐவி அழிக்கும் நோய் எதிர்ப்பு அணு) எண்ணிக்கை 200-க்குக் கீழே போனவரின் நுரையீரலில் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை புகுந்தால், ஹெச் அண்ட் ஈ (வழக்கமான திசுச் சாயம்) ஸ்லைடில் காற்றறைகள் நிறைய நுரை நுரையாக இளஞ்சிவப்புக் கசிவு தெரியும். கிருமியைக் காண ஸில்வர் வேண்டும். ஆக்ஸிடைசர் (ஆக்சிஜனேற்றும் அமிலம்) பட்டதும் அதன் சுவரிலுள்ள சர்க்கரைச் சங்கிலி ஆல்டிஹைடாக மாறும்; ஆல்டிஹைடு வெள்ளியைக் கறுப்பாகப் படிய வைக்கும்.

பழைய முறையில் ஆக்ஸிடைசராக 5 சதவீத குரோமிக் அமிலம், ஒரு மணி நேரம். பல கிட்களில் பீரியாடிக் அமிலம்தான் வருகிறது. குரோமியக் கழிவுத் தொல்லை இல்லை, சீக்கிரமும் முடியும். ஆனால் குரோமிக் அமிலம் திசுவின் மற்ற சர்க்கரைகளை மேலும் சிதைத்துப் பின்னணியைச் சுத்தமாக்கும். பீரியாடிக் அந்த அளவுக்குப் போகாது. அடித்தளச் சவ்வும் சேர்ந்து கறுத்து நிற்கும். கிட்டின் பெரிய குறை இதுதான்.

கிட்டின் தாளில் அச்சிட்ட ஸில்வர் நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். 60 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்து, திசு நாட்டுச் சர்க்கரை நிறத்துக்கு வந்ததும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். போதாவிட்டால் திரும்ப உள்ளே. நேரம் மிஞ்சினால் சிவப்பணுவும் கறுக்கும். அதன் அளவு சுமார் 7 மைக்ரான், சிஸ்டின் (நியூமோசிஸ்டிஸின் உருண்டைக் கூடு) அளவு 5 முதல் 7. ரிப்போர்ட் தப்பாவது இங்கேதான். சிஸ்ட் குழிந்த கிண்ணம் போலவோ பிறை போலவோ மடங்கியிருக்கும், நடுவில் ஒரு புள்ளி தெரியும். மொட்டு விடாது. மொட்டு தெரிந்தால் ஹிஸ்டோபிளாஸ்மா, கிரிப்டோகாக்கஸ் என்ற வேறு பூஞ்சைகளை யோசியுங்கள்.

சாயம் சரியாக ஏறியதா என்று ஒப்பிடும் கண்ட்ரோலுக்குக் கேண்டிடா (இன்னொரு பூஞ்சை) ஸ்லைடு வைத்து ஒப்பேற்றக் கூடாது. அது கறுக்கும் நேரம் வேறு, நியூமோசிஸ்டிஸ் கறுக்கும் நேரம் வேறு. நியூமோசிஸ்டிஸ் உள்ள திசு பிளாக்கிலிருந்தே (மெழுகில் பதித்த கட்டி) வெட்டி வையுங்கள். ஸ்லைடை எடுக்கப் பிளாஸ்டிக் ஃபோர்செப்ஸ். இரும்பு பட்டால் வெள்ளி கண்ட இடத்தில் படியும். குழாய்த் தண்ணீரும் ஆகாது, அதன் குளோரைடால் சொல்யூஷன் பால் போலக் கலங்கிவிடும்.

ஸில்வர் நெகட்டிவ் என்றதும் ஃபைலை மூடிவிடக் கூடாது. சிடி4 அடிமட்டத்தில் இருப்பவருக்குக் காசநோயிலும் கிரானுலோமா (கிருமியைச் சூழ்ந்து அணுக்கள் திரளும் முடிச்சு) சரியாக உருவாகாமல் போகலாம், காசநோய்க் கிருமியைக் காட்டும் ஸீல்-நீல்சன் சாயம் தனியாகப் போட்டே ஆக வேண்டும். சைட்டோமெகலோவைரஸ் தொற்றிய அணு ஆந்தைக்கண் போல ஹெச் அண்ட் ஈ-யிலேயே காட்டிக்கொடுக்கும். கபோசி (ஒரு வைரஸால் வரும் புற்றுக்கட்டி) சந்தேகத்துக்கு அந்த வைரஸின் புரதத்தைக் காட்டும் எல்ஏஎன்ஏ-1 ஆன்டிபாடிதான் வழி. இந்தப் பெட்டிக்கு அங்கே வேலையில்லை.

கலந்த ஸில்வரை அன்றே பயன்படுத்துங்கள். பாட்டில் அடியில் கறுப்புத் துகள் தெரிந்தால், காலாவதித் தேதி இன்னும் இருந்தாலும் அதைத் தொட வேண்டாம்.