ஆரவல்லி பூங்காவா, அசோலா பட்டியா?

டெல்லிக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்பது இது. முதலாவது பக்கத்துக் குருகிராமில் உள்ள பல்லுயிர்ப் பூங்கா; அடுத்தது டெல்லியின் தென்கோடியில் உள்ள வனவிலங்கு சரணாலயம். இரண்டிலுமே ஒரு காலத்தில் சுரங்கங்கள் இருந்தன.

போய்ச் சேர: குருகிராம் ஆரவல்லி பூங்காவுக்கு குரு துரோணாச்சாரியா மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். துக்ளகாபாத் பக்கமுள்ள அசோலாவுக்குச் சொந்த வண்டி இருந்தால் நிம்மதி.

பரப்பு: ஆரவல்லி பூங்கா சுமார் 390 ஏக்கர், காலை நடைக்குக் கச்சிதம். அசோலா 32 சதுர கிலோமீட்டருக்கு மேல். எல்லாவற்றையும் நடந்தே பார்க்க நினைக்காதீர்கள்.

மரங்கள்: இங்கேதான் ஆரவல்லி ஜெயிக்கிறது. 2010க்குப் பிறகு தன்னார்வலர்கள் தௌ, சலாய் போன்ற, ஆரவல்லி மலைக்கே உரிய மரங்களைத் தேடி நட்டார்கள். அசோலாவில் நம் ஊர்த் தலைவலியான சீமைக்கருவேலம்தான் பல இடங்களில். (அங்கேயும் விடவில்லை பாருங்கள்!)

விலங்குகள்: அசோலாவில் சிறுத்தை உண்டு, கண்ணில் படுவது அபூர்வம். குரங்குகள் தாராளம், தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள். தோண்டிய குழியில் நீர் தேங்கிய நீலி ஏரி அழகு.

குழந்தைகள், பெரியவர்களோடு அரை நாள் என்றால் ஆரவல்லி. கேமராவும் முழு நாளும் கையில் இருந்தால் அசோலா. எதுவானாலும் மழை முடிந்த கையோடு போங்கள். மே மாத வெயிலில் வேண்டாம்.