"அண்ணன் கேட்கவே இல்லை, நானாகத்தான் கொடுத்தேன்": எட்டரை லட்சம் போன கதை

வில்லிவாக்கம், அயனாவரம், கொளத்தூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாண மண்டபத்தில் "குடும்பச் சந்திப்பு" என்று யாராவது கூப்பிட்டால், போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வழக்கு நடப்பதால் பெயர் எதுவும் எழுதவில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும்.

அலுவலகத் தோழி ஒருத்திதான் முதலில் அழைத்துப் போனாள். போனால், பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குத்துவிளக்கு ஏற்றினார்கள், புதிதாக வந்தவர்களைப் பெயர் சொல்லி எழுப்பிக் கைதட்டினார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மேடையை விட்டு இறங்கி வந்து, முன்வரிசையில் இருந்த பாட்டியின் காலைத் தொட்டு வணங்கினார். அவரைத்தான் எல்லோரும் "அண்ணன்" என்றார்கள். அடுத்த வாரம் போனபோது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு ஆபரேஷன் தேதி கொடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். அப்பா ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இதய அறுவை சிகிச்சை என்பதைத் தோழியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்த அன்று இரவு பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி வராண்டாவில் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். பத்து மணி இருக்கும். ஃபிளாஸ்க்கில் கஞ்சியோடு அண்ணன் வந்தார். மூடியில் ஊற்றி, ஆற்றி, அம்மா கையில் கொடுத்தார். சொந்த சித்தப்பாவே போனில் விசாரித்ததோடு நிறுத்திக்கொண்ட நாள் அது. "இந்தப் பிள்ளை யாரு?" என்று அம்மா கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. என் எட்டரை லட்சமும் அந்த ஒரு டம்ளர் கஞ்சியில்தான் போயிற்று.

முதலில் அண்ணனிடம் டெபாசிட்டாக ஐம்பதாயிரம் போட்டேன். மாதம் 3 சதவீதம், அதாவது 1,500 ரூபாய், ஐந்தாம் தேதி காலையில் டாண் என்று வந்துவிடும். பதினொரு மாதம் தவறவே இல்லை. அப்புறம் அப்பாவின் ஓய்வுப் பணத்தில் ஐந்து லட்சம், அம்மாவின் நகையை பேங்கில் அடகு வைத்து மூன்று லட்சம். அண்ணன் கேட்கவில்லை. "அவசரப்படாதேம்மா, வீட்ல பேசிட்டு வா" என்றார். அப்படிச் சொன்னதால்தான் அவசரப்பட்டேன்.

அதன்பின் மூன்று மாதம் முழு வட்டி வந்தது. நான்காம் மாதம், "வட்டியை எடுக்காதீங்க, முதலோடு சேர்த்தா 4 சதவீதம்" என்று அறிவிப்பு. எல்லோரும் சேர்த்தோம். எனக்குக் கைக்கு வந்தது மொத்தம் 93,000 ரூபாய். பத்திரம் என்று கொடுத்த முத்திரைத்தாளை அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். டெபாசிட் என்ற சொல்லே அதில் கிடையாது, "கைமாற்றுக் கடன்" என்று இருந்தது.

ஆர்பிஐ அனுமதி பெற்று டெபாசிட் வாங்கும் நிதி நிறுவனங்கள்கூட ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது. மாதம் 3 என்றால் ஆண்டுக்கு 36. இந்தக் கணக்குத் தெரியாதவள் இல்லை நான், அக்கவுண்ட்ஸ் பிரிவில்தான் வேலை. ஆனால் அங்கே கணக்கு கேட்டால் "நெகட்டிவ்" என்று பெயர். கேட்டவரை யாரும் திட்டமாட்டார்கள், பக்கத்தில் உட்காரமாட்டார்கள், அவ்வளவுதான். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் அவர் இருக்கமாட்டார். அந்தக் குடும்பத்திலிருந்து விலக்கிவிடுவார்களோ என்ற பயம்தான் பணம் போய்விடுமோ என்ற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

எதிர்வீட்டு அக்காவையும் நான்தான் சேர்த்துவிட்டேன். இட்லிக்கடை நடத்துகிறவர். சீட்டு எடுத்த பணம் 1,20,000. ஆள் சேர்த்ததற்கு எனக்கு 5 சதவீதம், 6,000 ரூபாய் வந்தது. அதை அவரிடமே கொடுத்துவிட்டேன். மீதிக்கு மாதா மாதம் என் சம்பளத்திலிருந்து கொடுக்கிறேன். அவர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறார், அதுதான் தாங்க முடியவில்லை.

வட்டி நின்றதும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போலீசில் புகார் கொடுத்தார். உடனே குழுவில் ஆடியோ வந்தது: "புகார் கொடுத்தா கணக்கை முடக்கிடுவாங்க, யாருக்கும் பணம் வராது." முந்நூறு பேர் ஸ்டேஷன் வாசலில் கூடினோம். எங்களுக்கு பிரியாணிப் பொட்டலம் வந்தது. வெளியே வந்த அந்தப் பெரியவரைப் பார்த்து "துரோகி" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். மகள் கல்யாணத்துக்கு நிலம் விற்ற பணம் அவருடையது.

1920-இல் பாஸ்டனில் சார்லஸ் போன்சி என்பவன் 45 நாளில் 50 சதவீதம் தருவதாகச் சொல்லிப் பணம் வசூலித்தான். சந்தேகம் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்க வரிசையில் நின்றவர்களுக்கு காபியும் டோநட்டும் கொடுத்தான். பலர் பணத்தை எடுக்காமலே திரும்பிப் போனார்கள். இதை இப்போது படித்தபோது பிரியாணி வாசனைதான் ஞாபகம் வந்தது. நம் சென்னையிலேயே ஆருத்ரா என்ற நிதி நிறுவனத்தின் மோசடி வழக்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல் 2,438 கோடி ரூபாய் இழந்ததாக போலீஸ் சொன்னது. 2022-இல் அந்தச் செய்தியை நானும் படித்தேன். அது வேறு, அண்ணன் வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

புகார் கொடுத்தால் பணம் வராது என்பது பொய். டெபாசிட்தாரர் நலனுக்காகத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி மோசடி செய்தவரின் சொத்தை முடக்கி, விற்று, சிறப்பு நீதிமன்றம் மூலம் பிரித்துக் கொடுக்க வழி இருக்கிறது. அப்படிப் பணம் பெறுவோர் பட்டியலில் நம் பெயர் வர வேண்டுமானால் நாம்தான் புகார் கொடுக்க வேண்டும். 2019-இல் வந்த மத்திய சட்டப்படி, அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்குவதே குற்றம். ஆருத்ரா வழக்கில் ஆள் சேர்த்துவிட்ட ஏஜென்ட்களும் கைதானார்கள். என்னைப் போல் கமிஷன் வாங்கியவர்கள் அதை ஒளிக்காமல் வாக்குமூலத்தில் சொல்லிவிடுங்கள்.

போன மாதம் அந்த ஆசிரியர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "உட்காரும்மா" என்று சொல்லிவிட்டு, புகார் மனுவை எப்படி எழுதுவது என்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார்.

நேற்று இரவு மறுபடி அண்ணனின் ஆடியோ. வக்கீல் செலவுக்குத் தலைக்கு 3,000 ரூபாய் வேண்டுமாம், கொடுப்பவர்களுக்குத்தான் முதலில் பணம் திரும்புமாம். காலைக்குள் நாற்பது பேர் அனுப்பிவிட்டு ஸ்கிரீன்ஷாட் போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். வரும் சனிக்கிழமை பன்னிரண்டு பேர் சேர்ந்து பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போகிறோம். முத்திரைத்தாள் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிபே விவரம் எடுத்துக்கொண்டு எங்களோடு வாருங்கள். ஏற்கெனவே 3,000 அனுப்பியவர்கள் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள், அதையும் மனுவோடு சேர்க்கலாம்.